கலைக்களஞ்சியத்தில் இடம்பெறும் தகுதி நமது கல்வி உதவி நிதிக்கு உண்டா?

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது பொருளாக ஒரு கோரிக்கை இடம்பெற்றுள்ளது. நமது மஹல்லாவின் கல்வி உதவி நிதியைப் பற்றி விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை இடம்பெறச் செய்ய வேண்டும் என்றும், அதற்கென நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கித் தர வேண்டும் என்றும் இளைஞர் அணியினர் எழுதிக் கேட்டுள்ளனர். இது குறித்து நம்முடைய கருத்தைத் தெரிவிக்குமாறு நிர்வாகத்தினர் பணித்தார்கள். ஆகவே, கணினி அறிந்த தம்பிகள் இருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒரு மாத காலம் அக்கலைக்களஞ்சியத்தின் விதிகளை வாசித்தோம். விளங்கியவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், கேட்பவர்கள் மீது எவரும் கோபம் கொள்ள வேண்டாம். அவர்களுடைய எண்ணம் நல்ல எண்ணமே. வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், "எங்கள் ஊரில் இப்படி ஒரு நிதி இயங்குகிறது" என்று கூறும்போது, கேட்பவர் உடனே கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லாத ஒன்றைச் சொல்லி நன்கொடை கேட்பது போன்ற நிலை ஏற்படுகிறது. "ஹஜ்ரத், தேடினால் கிடைக்காத அறக்கட்டளையை இந்தக் காலத்தில் யாரும் நம்புவதில்லை" என்று ஒரு தம்பி நம்மிடம் கூறினார். அவருடைய ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், ஒருவர் நம்மை நம்புவதற்கு வேண்டிய ஆவணம் வேறு. கலைக்களஞ்சியம் என்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதியதால்தான் இக்கோரிக்கை எழுந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் அறக்கட்டளைகள் பொதுவாக அறக்கட்டளை ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு பதிவு பெற்றவை 1,60,000க்கும் மேல். அவற்றின் பெயர், பொறுப்பாளர்கள், வரவு செலவு முதலியவற்றை எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது பதிவேடு. அதில் இருப்பதனாலேயே அவற்றுள் எந்த ஒன்றுக்கும் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை கிடைத்துவிடாது. நம்முடைய நாட்டிலும் அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரித்துறையின் பதிவு, நன்கொடைக்கான வரிவிலக்குச் சான்று ஆகியவை உள்ளன. நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டியவை அவையே. தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் நமது சொந்த இணையப் பக்கத்தில் ஏற்றி வைத்தாலே அந்தத் தம்பியின் குறை தீர்ந்துவிடும். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி விக்கிப்பீடியாவுக்கு வருவோம். அது 2001 ஜனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, இன்று ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. ஊதியம் பெறாத தன்னார்வலர்களே அதனை எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், நீக்கவும் செய்கிறார்கள். எவர் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு இருந்திருந்தால் அது என்றோ விளம்பரப் பலகையாகிப் போயிருக்கும்.

எதற்குக் கட்டுரை இருக்கலாம் என்பதற்கு அவர்கள் வைத்துள்ள அளவுகோலுக்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர். அதன் சாரத்தை நம் சொற்களில் கூறுவதாயின்: ஒரு பொருளோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அப்பொருளைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அமைப்புகளுக்கு இவ்விதி இன்னும் இறுக்கமானது. ஒரே ஒரு வெளியீடு போதாது, பல வேண்டும். எந்த அமைப்பும் அதன் இயல்பாலேயே தகுதி பெற்றுவிடுவதில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்துள்ளார்கள். அது செய்யும் சேவை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்ற கேள்வியையே அவர்கள் கேட்பதில்லை. பிறர் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்றே கேட்கிறார்கள்.

மத்ரஸாவில் பயின்ற நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு செய்தியைக் கேட்டவுடன் அதன் அறிவிப்பாளர் வரிசையாகிய ஸனதைத் தேடுவதும், தன் வழக்கில் தானே சாட்சியாக நிற்பவனுடைய சாட்சியத்தை ஏற்காமல் விடுவதும் நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழக்கங்கள்தாம். செய்தி இனிமையாக இருப்பது அதற்குச் சான்றாகாது.

இந்த அளவுகோலை நமது நிதியின் மீது வைத்துப் பார்த்தோம். தம்பிகள் ஒரு கோப்பு நிறைய வெட்டுச் செய்திகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தோம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வந்த செய்திகள் அவற்றுள் பெரும்பாலானவை. இன்னார் தலைமை வகித்தார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார், ஏழை மாணவ மாணவியருக்கு நோட்டுப் புத்தகங்களும் சீருடைகளும் வழங்கப்பட்டன, முடிவில் இன்னார் நன்றி கூறினார். மேடையில் இருந்த பதினெட்டுப் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. நிதி எப்படித் தொடங்கியது, யார் பயன் பெற்றார், அதனால் ஊரில் என்ன மாறியது என்று ஒரு வரிகூட இல்லை. அச்செய்திகளை எழுதிக் கொடுத்ததும் நாமே. நமது செயலாளர் தட்டச்சு செய்து அனுப்பியதை அவர்கள் சுருக்கி வெளியிட்டார்கள். கலைக்களஞ்சியத்தின் பார்வையில் இது நம்முடைய வாக்குமூலமே. நாளிதழின் பெயர் மேலே இருப்பதால் அது பிறர் சாட்சியம் ஆகிவிடாது.

அமைச்சர் ஒருவர் வந்து சென்ற புகைப்படமும் அக்கோப்பில் இருந்தது. பெரியவர் ஒருவரோடு தொடர்பு இருப்பதால் அமைப்புக்குத் தகுதி ஒட்டிக்கொள்ளாது என்பதும் அவர்களுடைய விதி. இவ்விதியை நம் ஊர் விழாக் குழுக்கள் அனைத்தும் ஒருமுறை வாசித்தால் மேடைகள் சற்றுச் சிறியனவாகும். அது நிற்க.

எஞ்சியது நம்முடைய ஆண்டு மலர்கள். இப்போது உங்கள் கைகளில் தவழும் இம்மலரும் அவற்றில் ஒன்றே. நம்மைப் பற்றி நாமே எழுதியவை என்பதால் தகுதியை நிறுவ அவை உதவா. தகுதி வேறு வகையில் நிறுவப்பட்டால், தொடங்கிய ஆண்டு போன்ற சிறு விவரங்களுக்கு மட்டும் அவற்றைச் சுட்டலாம்.

ஆக, இன்றைய நிலையில் நமது நிதிக்குத் தனிக் கட்டுரை பெறும் தகுதி இல்லை என்பதே நம்முடைய முடிவு. இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் வாடுவதைப் பார்க்கிறோம். பிடியரிசி சேர்த்துத் தொடங்கிய நிதி இது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் பானையில் ஒதுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் கொடுத்தனுப்பிய தாய்மார்களின் உழைப்பு இதில் இருக்கிறது. அதனை ஒரு கலைக்களஞ்சியம் ஏற்கவில்லை என்றால் மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அக்கலைக்களஞ்சியம் நம்முடைய நிதி சிறியது, மதிப்பற்றது என்று தீர்ப்புக் கூறவில்லை. சரிபார்க்கத்தக்க வகையில் எழுதுவதற்கு வேண்டிய வெளிச்சான்று இல்லை என்பது மட்டுமே அதன் கூற்று.

இங்கே வேறொரு நாட்டின் அமைப்பை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். அஞ்சுமன் முஃபீதுல் இஸ்லாம் என்னும் அறநிறுவனம் 1905இல் கொல்கத்தாவில் தொடங்கப்பெற்று, பின்னர் டாக்காவில் வேரூன்றியது. உரிமை கோருவார் இல்லாத சடலங்களைப் பொறுப்பேற்று நல்லடக்கம் செய்வது அதன் தலையாய பணி. அந்நிறுவனத்திற்குக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை உண்டு. காரணம் என்ன? அந்நகரில் அடையாளம் தெரியாமல் இறந்தவர்களைப் பற்றி எழுத வரும் செய்தியாளர்கள் அந்நிறுவனத்தின் பதிவேட்டைத் தேடிச் செல்கிறார்கள். எழுதித் தருமாறு எவரும் அவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் உடலையும் குறித்து வைத்த பழக்கம், காலப்போக்கில் ஒரு நகரத்தின் ஆவணமாகிவிட்டது.

எனினும், இந்த அளவுகோல் எப்போதும் நேராகவே அளக்கிறது என்று நாம் கூற மாட்டோம். 2007 செப்டம்பரில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு அருகே குகுலேது என்னும் பகுதியில் இருந்த 'எம்ஸோலீஸ்' என்ற இறைச்சிக் கடை உணவகத்தைப் பற்றி ஒரே ஒரு வரியில் கட்டுரை தொடங்கினார். இருபத்திரண்டு நிமிடங்களில் ஒரு நிருவாகி அதனை நீக்கிவிட்டார்! தொடங்கியவரே எழுதினாலும் விதி விதிதான் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நீண்ட வாதம் நடந்தது. அவ்வுணவகத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தவற்றைப் பலர் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். கட்டுரை நிலைத்தது. சான்று முன்பே இருந்தது. அதைத் தேடும் பொறுமைதான் முதல் இருபத்திரண்டு நிமிடங்களில் இல்லாதிருந்தது.

டோனா ஸ்ட்ரிக்லேண்ட் என்னும் கனடா நாட்டு இயற்பியலாளரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவரைப் பற்றி எழுதப்பட்ட வரைவு ஒன்று, போதிய வெளிச்சான்று காட்டப்படவில்லை எனக் கூறி 2018 மே மாதத்தில் திருப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கென ஒரு கட்டுரையும் அதில் இல்லை. உலகறிந்த பல்கலைக்கழகங்களின் வட்டத்தில் இருந்தவருக்கே இந்நிலை என்றால், மாவட்டத் தலைநகரில்கூட அலுவலகம் இல்லாத ஓர் அமைப்புக்கு என்ன நேரும்? பத்திரிகைகள் எதை எழுதுகின்றனவோ அதையே கலைக்களஞ்சியம் பின்தொடர்கிறது. பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத சிற்றூர்களும், பெண்களின் பணிகளும், அச்சேறியும் இணையம் ஏறாத பழைய தமிழ் இதழ்களும் அதனால் வெளியே நின்றுவிடுகின்றன. இக்குறையை அக்களஞ்சியத்தில் உழைப்பவர்களே பேசி வருகிறார்கள். இவ்வளவு குறை தெரிந்தும் அவ்விதியை நாம் ஆதரிக்கிறோம். ஏனெனில் அதைத் தளர்த்தினால் முதலில் நுழைபவர்கள் பிடியரிசி சேர்த்த தாய்மார்களாக இருக்கப் போவதில்லை. போலி அறக்கட்டளை நடத்துபவர்களாகவே இருப்பார்கள். பேரிடர் நேரும்போதெல்லாம் ஊர் பேர் தெரியாத நிதிகள் எப்படி முளைக்கின்றன என்பதை நாம் பார்க்கிறோம் அல்லவா?

இனி அந்தத் தொகை பற்றிய செய்தி. இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

இளைஞர் அணியினர் சில மாதங்களுக்கு முன்பே ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அது நீக்கப்பட்டது. ஒரு வாரத்திற்குள் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தாம் அனுபவம் மிக்க தொகுப்பாளர் என்றும், குறிப்பிட்ட தொகையைச் செலுத்தினால் கட்டுரை நீக்கப்படாமல் நிலைக்கச் செய்வதாகவும் அவர் எழுதியிருந்தார். இன்று நம்மிடம் கேட்கப்படும் தொகை அதுவே. நம் நிதியிலிருந்து ஓராண்டில் ஒரு மாணவிக்குச் செலுத்தும் கல்லூரிக் கட்டணத்தை விடவும் அது அதிகம்.

அன்பர்களே, இம்முறை புதியதல்ல. 2015இல் விக்கிப்பீடியாவினர் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். முதலில் சிக்கிய கணக்கின் பெயரைக் கொண்டு அதனை 'ஆரஞ்சுமூடி' விவகாரம் என்று அழைக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய 381 கணக்குகள் முடக்கப்பட்டன. அவற்றால் எழுதப்பட்ட 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவர்கள் எவரைத் தேடிச் சென்றார்கள்? கட்டுரை மறுக்கப்பட்ட சிறு நிறுவனத்தாரையும் கலைஞர்களையும் தேடிச் சென்றார்கள். மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் எவரும் காணக்கூடியதாக இருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. பணம் பெற்றுக் கட்டுரையை ஏற்றிய பின்னர், அது நீக்கப்படாமல் பாதுகாக்க மாதந்தோறும் பணம் கேட்டதும் உண்டு. நமக்கு வந்த மின்னஞ்சலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊதியம் பெற்று எழுதுவோர், யாருக்காக எழுதுகிறோம், யார் பணம் தருகிறார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிப்பீடியாவின் பயன்பாட்டு விதி. நமக்கு எழுதியவர் தம்முடைய பயனர் பெயரைக்கூடக் கூறவில்லை. நன்கொடையாளர் பிள்ளைகளின் படிப்புக்கென நிய்யத் செய்து கொடுத்த பணத்தை இவ்வழியில் செலவிட நிர்வாகத்திற்கு அதிகாரம் இல்லை என்பது நம்முடைய உறுதியான கருத்து. தலைவர் தம் சொந்தப் பணத்தைத் தருவதாகக் கூறினார். அதுவும் வேண்டாம் என்றே கூறிவிட்டோம்.

மற்றொன்றையும் சிந்தியுங்கள். கட்டுரை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது நம்முடைய சொத்தாகாது. எவரும் அதில் எழுதலாம். நமது ஜமாஅத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிதியின் கணக்கு தொடர்பாக ஒரு சச்சரவு எழுந்து, பெரியவர்கள் அமர்ந்து பேசித் தீர்த்ததை அறிவீர்கள். அது என்றேனும் பத்திரிகையில் வந்திருந்தால், அதையும் அக்கட்டுரையில் எழுத எவருக்கும் உரிமை உண்டு. அதனை நாம் சென்று அழித்தால், தம்மைப் பற்றிய கட்டுரையில் தாமே கை வைத்தார்கள் என்ற அவச்சொல் வரும். புகழுக்கென ஒரு கதவைத் திறந்தால் அதன் வழியே மற்றவையும் வரும். உதவி பெற்ற பிள்ளைகளின் பெயர்களும் படங்களும் இணையத்தில் ஏறிவிடக்கூடாது என்ற கவலை நமக்கு இதைவிடப் பெரிது. இளைஞர்கள் எழுதிய வரைவில் நால்வரின் பெயர்கள் இருந்தன. அவர்களுள் ஒரு பெண் இன்று ஆசிரியையாகப் பணிபுரிகிறார்; தம் தந்தையின் வறுமையை ஊரார் தேடிப் படிக்க அவர் இசைவு தந்தாரா என்று கேட்டோம். எவரும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

அப்படியானால் ஒன்றுமே செய்ய வேண்டாமா என்று தம்பிகள் கேட்கக்கூடும். நிறையச் செய்யலாம். நமது ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரை ஐந்தாறு வரிகளோடு நிற்கிறது. ஊரின் ஏரி, பழைய சந்தை, அரசுப் பள்ளி, பள்ளிவாசல் கல்வெட்டு ஆகியவை பற்றி மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அரசு வெளியீடுகளிலும் அச்சான நூல்களிலும் உள்ள செய்திகளைக் கொண்டு அதனை வளர்க்கலாம். தனிக் கட்டுரைக்குப் போதாத சான்று, ஊர்க் கட்டுரையில் ஒரு வரிக்குப் போதுமானதாக இருக்கலாம். அவ்வரியையும் நேரடியாகச் சேர்க்காமல், நாம் இந்நிதியைச் சார்ந்தவர்கள் என்பதைச் சொல்லி, அக்கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் முன்வைத்துப் பிறர் முடிவுக்கு விட்டுவிட வேண்டும். ஆங்கிலப் பதிப்பின் விதி தமிழ்ப் பதிப்பை அப்படியே கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு மொழியினரும் தத்தம் நடைமுறையை வகுத்துக்கொள்கிறார்கள். ஆயினும் தமிழில் சற்று எளிதாக இருக்கும் என்று எண்ணிக் குறுக்கே நுழைய முயல வேண்டாம்.

நீக்கலுக்கு முன்வைக்கப்படும் கட்டுரைகளைப் பற்றி ஆங்கிலப் பதிப்பில் பொதுவாக ஏழு நாட்கள் கலந்துரையாடுகிறார்கள். அங்கே தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை; வாதத்தின் வலிமையைப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து 'நீக்காதீர்' என்று எழுதியிருந்தது எவ்விதப் பயனையும் தரவில்லை. ஒரு நல்ல சான்று அந்த நாற்பதைவிடக் கனத்திருக்கும். வாக்குக் கேட்டுப் பழகிய நமக்கு இது விளங்கச் சற்று நேரம் பிடிக்கிறது.

சான்று எங்கிருந்து வரும்? பிடியரிசித் திட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி மாணவர் எவரேனும் எழுத விரும்பினால், அவருக்குக் கொடுக்க இன்று நம்மிடம் என்ன உள்ளது? பழைய நோட்டுகள் பாதி, கரையான் அரித்தது பாதி. தொடக்க காலத்தில் வீடு வீடாகச் சென்று அரிசி வாங்கியவர்களுள் மூவர்தாம் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையை இளைஞர் அணி இந்த ஆண்டே மேற்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதியதைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்ற வேண்டாம். அங்கே அது செல்லாது. நூலகத்தில் ஒரு படியும் கல்லூரி வரலாற்றுத் துறையில் ஒரு படியும் கொடுத்து வையுங்கள். பிறர் அதனை ஆராய்ந்து, குறை கண்டால் குறையையும் சேர்த்து எழுதட்டும். அது எப்போது நடக்கும், நடக்குமா என்பது நம் கையில் இல்லை.

ஆகவே, ஐந்தாவது பொருளில் கேட்கப்பட்ட தொகையை ஒதுக்க வேண்டாம் என்றும், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்றும் பொதுக்குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். நிதியின் பழைய ரசீதுக் கட்டுகள், பிடியரிசி வரவு நோட்டுகள், கூட்டப் புகைப்படங்கள் எவர் வீட்டிலேனும் இருப்பின் மஃரிப் தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் செயலாளரிடம் ஒப்படைத்து, பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். படி எடுத்த பின் அவை உரியவர்களிடமே திருப்பித் தரப்படும்.